பெய்யாத நாட்கள்

“சுக்கூர் பாய் வூடு இதுதானுங்களே? கம்ப்யூட்டர்காரர் வந்திருக்காருங்களா?”

ஞாயிற்றுக்கிழமை காலை. முனாப் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் பெங்களூர் ரயிலை விட்டு தருமபுரியில் இறங்கியிருந்தான். மாதத்துக்கு ஒருமுறை வருகிற பிள்ளை. அவன் வந்திருக்கிற அன்றைக்கு அவன் தாய் ஹமீதுன்னிசா வாசல்படியில் ஈயைக்கூட ஏறவிடமாட்டாள். வந்தவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள்.

“அட, மொட்டப்பாறை டீச்சரா! வாங்கம்மா. புனல் மறுபடியும் ஒழுவுதா?”

“புனல் நல்லாத்தான் இருக்குதுங்க. அதுல வுழறதுக்குத்தான் ஒண்ணுமில்லே. நான் உங்க மவனைப் பார்க்க வந்தேன்.”

“அவங்கிட்ட உங்களுக்கு என்னா வேலை?”

“ஒரு வரி படிச்சுக் காட்டச் சொல்லணும். அவ்வளவுதாங்க.”

காவேரி டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடத்தூருக்கு அந்தப் பக்கம் மொட்டப்பாறைக்கொட்டாய் என்கிற ஊரில் அவள் ஒருத்தியே எல்லா வகுப்புக்கும் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கம்பிவேலிக்குள், சர்க்கார் வைத்த மழைமானி ஒன்று உண்டு. தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு. நாலு வருஷமாக எழுதுகிறாள். அதன் புனலில் ஓட்டை விழுந்தபோது பஸ் ஏறி வந்து, தகர வேலை செய்கிற அப்துல் ஷுக்கூரிடம் கொடுத்து ஈயம் வைத்து அடைத்துக்கொண்டு போனாள். ‘பேருதான் காவேரி, குடத்துல கால் ரொம்பலே’ என்று ஊர்ப் பெண்கள் அவளைக் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த வருஷம் சிரிப்பதை விட்டிருந்தாள்.

பாயில் உட்கார்ந்தவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“தம்பி, போர் லாரி எந்தெந்த ஊருக்குப் போவணும்னு பட்டியல் போட்டது நீங்கதானாமே?”

“நான் போடலீங்க டீச்சர். கம்ப்யூட்டர் போட்டது.”

“ஆபீஸ்லயும் இதையேதான் சொன்னாங்க. கம்ப்யூட்டர்கிட்ட சொன்னது யாருன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாங்க.”

உள்ளே தகரம் வெட்டிக்கொண்டிருந்த ஷுக்கூர் கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லாக் கேட்டீங்க டீச்சரம்மா. இத்தனை நாளா இவன் எனக்கே பிடி கொடுக்கலே.”

முனாப்புக்கு அது சிரிக்கிற சமாசாரமாகப் படவில்லை. எழுபத்து நாலில் மழை பொய்த்ததும், நூற்று அறுபது ஊர்களின் மழை நோட்டுகளை நகலெடுத்து அவன் வேலை பார்க்கிற பெங்களூர் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் தண்ணீருக்கு ரொம்பவும் தவிக்கிற நாற்பது ஊர்களைப் பொறுக்கித் தரவேண்டும். அந்த ஊர்களுக்குத்தான் லாரி போய்ப் பாறையைத் துளைத்து அடிபம்பு வைக்கும். மற்றவர்கள் அதற்கான புரோகிராமைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். முனாப் பழகியிருந்தது வேறு கம்ப்யூட்டர் மொழி. அதில் சொல்லே கிடையாது, எல்லாம் குறி. ஒரு குறி பத்து வரியின் வேலையைச் செய்யும். அவன் மொத்தப் புரோகிராமையும் ஒரே வரியில் முடித்துவிட்டான். துறைத்தலைவர் அந்த வரியைப் பெரிய தாளில் எழுதச் செய்து சுவரில் ஒட்டிவைத்தார். வந்தவர் போனவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“எங்க ஊரு அந்தப் பட்டியல்ல இல்லே தம்பி.”

“மழை அளவு அப்படி வந்திருக்கும் டீச்சர். மிசினு ஒரவஞ்சனை பண்ணாது.”

“நெல்லிமரத்துப்பட்டி இருக்குது. அங்கே தென்னந்தோப்பு. வாய்க்கால்ல தண்ணி போறதை நான் பஸ்ஸுல இருந்து பார்த்தேன். அந்த ஊருக்கு லாரி போயிட்டும் வந்துடுச்சு. அந்த ஊர்க்காரங்களே சிரிக்கறாங்க.”

“இருக்காதே.”

“இருக்குதே!” என்றாள் காவேரி. பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். “புதன்கிழமை எங்க ஊரு குள்ளம்மா கெணத்துல வுழுந்துட்டா. அறுபதடிக் கெணறு. அடியில ஊறுற தண்ணியைக் கொட்டாங்குச்சியில சொரண்டிக் கொடத்துல ஊத்தணும், மேல இருந்து நாங்க இழுப்போம். ஒரு நாளைக்கு ஒருத்தர்னு முறை வெச்சிருக்குது. அவ முறையன்னைக்கு படிக்கல்லு பேந்துடுச்சு. இடுப்பெலும்பு போச்சு. இங்கே பெரியாஸ்பத்திரியிலதான் கிடக்கறா. அவளைப் பார்க்கத்தான் வந்தேன்.”

ஹமீதுன்னிசா முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “யா அல்லா. அடுத்த முறை யாருதுமா?”

“வர்ற புதன் என்னுதுங்க.”

காவேரி பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“லாரி சனிக்கிழமை வரைக்கும்தான் கடத்தூர்ப் பக்கம் நிக்குமாம். அப்புறம் வேற ஜில்லா. அதான் கேக்கறேன். எங்க ஊரு இல்லேன்னா ஏன் இல்லேன்னு தெரியணும். அந்த வரியைப் படிச்சுக் காட்டுங்க.”

முனாப் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தான். ஊரில் காட்டிப் பெருமைப்படலாம் என்று எப்போதோ கொண்டுவந்து வைத்த தாள் அடியில் மடிந்து கிடந்தது. அதை எடுத்துவந்து விரித்தான். வட்டம், அம்பு, சாய்கோடு, தலைகீழ் முக்கோணம். ஒரு சாண் நீளம்.

“இவ்வளவுதானா?” என்றார் ஷுக்கூர். “இதுக்கா அந்தச் சம்பளம்?”

“வலப்பக்கத்துல இருந்து படிக்கணும்ப்பா.”

“வலப்பக்கத்துல இருந்தா? அப்போ நம்ம உருது மாதிரிதான்,” என்றாள் ஹமீதுன்னிசா. “நீ தடுமாறாமப் படிப்பேடா.”

அவன் தடுமாறினான். முதல் இரண்டு குறிகளுக்கு வாய் வந்தது: நோட்டில் உள்ள எண்களை எடு, ஊருக்கு ஒரு வரிசையாக அடுக்கு. அதற்கப்புறம் மூன்று குறிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் மேல் விரலை வைத்தான். விரல் நகரவில்லை. எழுதின அன்று அது எத்தனை சுளுவாக வந்தது என்பது நினைவிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதற்குள் முடித்து, எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டது நினைவிருந்தது. ஏன் அப்படி எழுதினான் என்பது மட்டும் இல்லை.

“பத்து மாசம் ஆச்சுங்க டீச்சர்.”

“நான் நாலு வருசத்துக்கு முன்னாடி எழுதினதைப் படிக்கட்டுங்களா?” காவேரி பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் பிரித்தாள். “எழுபத்தொண்ணு, ஆவணி மாசம், பதினோரு மில்லிமீட்டர். ஓரத்துல எழுதியிருக்கேன் பாருங்க, ‘பள்ளிக்கூட ஓடு ரெண்டு பறந்தது’. யாரு வேணாலும் படிக்கலாம். உங்க வரியை நீங்களே படிக்க முடியலேன்னா, அப்புறம் யாரு தம்பி படிக்கறது?”

அவனுக்குக் காது சுட்டது. மூன்று பெரிய படிப்புக்காரர்கள் அந்த வரியின் முன்னால் நின்று ‘ஆகா’ என்றிருக்கிறார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

“சாக்பீஸ் இருக்குதுங்களா?”

“டீச்சர் பையில சாக்பீஸ் இல்லாமயா?”

சிமெண்டுத் தரையில் முப்பத்தொரு கட்டம் போட்டான். “போன வருஷ அக்டோபர் மாசத்தைச் சொல்லுங்க. மிசினு செய்யறதை நான் கையால செஞ்சு பார்க்கறேன்.”

“ஒண்ணாந்தேதி ஒண்ணுமில்லே. ரெண்டு, ஒண்ணுமில்லே. மூணு, ஒண்ணுமில்லே...” என்று வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். “பத்தொம்பதாந்தேதி தொண்ணூத்தாறு. ஒரே ராத்திரி, வானம் பிச்சுக்கிட்டு ஊத்துச்சு. மண்ணையெல்லாம் வாரிக்கிட்டு ஒரு மணி நேரத்துல ஓடிப்போச்சு. மறுநாள்ல இருந்து மாசக் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லே.”

“நோட்டுல அந்த நாளெல்லாம் என்ன எழுதியிருக்கீங்க?”

“என்னத்த எழுத? காலியா வுட்டிருக்கேன். வராததை எழுதச் சொல்லி யாரும் சொல்லலியே.”

முப்பது கட்டம் காலி. ஒன்றில் தொண்ணூற்றாறு. முனாப் தாளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ஒட்டிக்கொண்டு நின்ற மூன்றில் முதல் குறி ஒவ்வொரு கட்டத்தையும் கேட்கிறது: ‘உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?’ இல்லை, இல்லை, இல்லை, இருக்கிறது, இல்லை. அடுத்தது அந்தச் சாய்கோடு. ‘இருக்கிறது’ என்று சொன்னதை மட்டும் வைத்துக்கொள்.

“அம்மா, ஈரத்துணி ஒண்ணு குடுங்க.”

காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அவள் சொல்லச் சொல்லக் காலியாக விட்ட முப்பது நாளும் துணியோடு போய்விட்டன. தரை நடுவில் ஒரே ஒரு கட்டம், தொண்ணூற்றாறு என்கிற எண்ணோடு உட்கார்ந்திருந்தது.

“என்னடா இது?” என்றார் ஷுக்கூர். “முப்பத்தொரு நாள்ல முப்பது நாள் எங்கே போச்சு?”

முனாப்புக்கு அப்போதுதான் முழுசும் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் படிப்பதற்காக நோட்டு எண்களை அட்டையில் ஓட்டையாகக் குத்துகிற சகாயமேரி ஒருநாள் வந்து கேட்டாள், ‘சார், காலியா இருக்கிற நாளுக்கு என்ன குத்த?’ என்று. ‘ஒண்ணும் குத்தாதீங்க, மிசின் பூஜ்யம்னு எடுத்துக்கும்’ என்றான். பிறகு அவனுக்கே சந்தேகம் வந்தது. காலியாக இருந்தால் அன்றைக்கு ஆள் வந்து அளக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அளக்காத நாளை மழையில்லாத நாளாக எண்ணினால் சோம்பேறி ஊரெல்லாம் வறண்ட ஊராகிவிடுமே! நியாயம் தவறக்கூடாது என்று மூன்று குறி சேர்த்து அத்தனை பூஜ்யத்தையும் கழித்தான். மிச்சமிருந்த நாட்களுக்குச் சராசரி எடுத்தான். மூன்றே குறி. அந்த வரியிலேயே அழகான இடம் அதுதான் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

“காலியா இருந்தா... நீங்க அளக்கலேன்னு நெனச்சுட்டேன் டீச்சர்.”

காவேரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அது. அதைவிட மோசமாக இருந்தது.

“அளக்கலையா? தெனம் எட்டரை மணிக்குப் போய்த் தொறந்து பார்த்தது நான்தானே தம்பி. ஞாயித்துக்கெழமை, தீவாளி, எங்க அப்பா செத்த மறுநாளு, எல்லா நாளும். போவாத நாளுக்கு ‘லீவு’ன்னு எழுதியிருக்கேன் பாருங்க, வருசத்துல அஞ்சு நாளு. ஒரு சொட்டு இல்லாத புட்டியைத் தொறந்து பார்த்துட்டு மூடிட்டு வர்றது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் சாக்பீஸை எடுத்துக் கணக்குப் போட்டான். ஜூன் முதல் டிசம்பர் வரை மொட்டப்பாறையில் நாலே நாள் மழை. ஆறு, நாலு, தொண்ணூற்றாறு, இரண்டு. கூட்டினால் நூற்றெட்டு. நாலால் வகுத்தால் இருபத்தேழு. நெல்லிமரத்துப்பட்டியின் எண்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன: எண்பது நாள் நிதானமாகப் பெய்திருக்கிறது, நாளுக்கு ஒன்பது என்று. இருபத்தேழு பெரிசா, ஒன்பது பெரிசா? இயந்திரம் சரியாகவே சொன்னது: மொட்டப்பாறை செழிப்பு, நெல்லிமரத்துப்பட்டி வறட்சி.

“அப்போ பட்டியல் மொத்தமும்...” என்றாள் காவேரி.

“தலைகீழுங்க.”

ஷுக்கூர் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இத்தனூண்டு இடத்துல இத்தனை பெரிய தப்பு ஒளிஞ்சிருக்குமா?”

“இத்தனூண்டா இருந்ததாலதாம்ப்பா ஒளிஞ்சுது.”

முனாப் பெங்களூர் திரும்புகிற ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. காவேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். முனாப் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தான். அவள் வரச்சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

குள்ளம்மாள் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். காலில் கயிறு கட்டி, அந்த முனையில் செங்கல் தொங்கவிட்டிருந்தார்கள். ஐம்பது வயசுக்காரி, பெயருக்கேற்ற மாதிரி குள்ளம்தான். கண் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது.

“யாரு டீச்சரு இது? டாக்டரா?”

“இல்லே குள்ளம்மா. பட்டியல் போட்டாங்களே, அந்தத் தம்பி.”

“இந்தப் பையனா? நான் கம்ப்யூட்டருன்னா என்னமோ கொம்பு மொளைச்சதுன்னு நெனச்சேன்.” அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏங் கண்ணு, எங்க ஊரு பேரு ஏன் வுட்டுப்போச்சு?”

முனாப் சராசரி என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அட்டை, ஓட்டை, பூஜ்யம் என்று ஒவ்வொரு சொல்லாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தான். எதுவும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கடைசியில் சொன்னான்:

“மழை பேஞ்ச நாளை மட்டும் எண்ணிட்டேன் ஆத்தா. பெய்யாத நாளை எண்ணாம வுட்டுட்டேன்.”

குள்ளம்மாள் தலையை அவன் பக்கம் திருப்பினாள்.

“பெய்யாத நாளை வுட்டுட்டியா? அந்த நாள்லதானே கண்ணு நாங்க இருந்தோம்.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் தண்ணீர் கேட்டாள். காவேரி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். குள்ளம்மாள் பாதி குடித்துவிட்டு, மீதியைக் கொட்டாமல் மூடி வைக்கச் சொன்னாள். பக்கத்திலேயே குழாய் இருந்தது.

ரயிலில் முனாப்புக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் வெளியே பார்க்கவில்லை. மடியில் நோட்டை வைத்து, அதே மொழியில், ஒரு வரிக்கு ஒரு வேலை என்று எழுதிக்கொண்டே போனான். ஒவ்வொரு வரிக்கும் மேலே, இது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று ஒரு வாக்கியம். மொழியின்மேல் அவனுக்குக் குறையில்லை. சுருங்கச் சொல்ல அது இடம் கொடுத்தது. ஒளித்துவைக்கவும் இடம் கொடுத்தது. ஒளித்தது அவன் கை. முதல் வாக்கியம் இப்படி இருந்தது: ‘காலிக் கட்டம் என்றால் ஒருவர் போய்ப் பார்த்தார், மழை இல்லை. போகாத நாளில் லீவு என்று எழுதியிருப்பார்.’ பெங்களூர் சேர்வதற்குள் இருபத்தாறு வரி ஆகியிருந்தது.

திங்களும் செவ்வாயும் சகாயமேரியும் அவனும் நூற்று அறுபது நோட்டின் நகலையும் புரட்டினார்கள். எங்கெல்லாம் லீவு என்றோ ஊரில் இல்லை என்றோ எழுதியிருந்ததோ அந்த அட்டைகளை மட்டும் அவள் புதிதாகக் குத்தினாள்.

“அன்னைக்கு நான் கேட்டேனே சார்,” என்றாள் வேலைக்கு நடுவில்.

“கேட்டீங்க மேரி. நீங்க ஒருத்திதான் கேட்டீங்க.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துறைத்தலைவர் இருபத்தாறு வரியையும் பார்த்து முகம் சுளித்தார். “என்ன முனாப் இது! அது கவிதை மாதிரி இருந்தது. இது மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதே.”

“மளிகைச் சீட்டை யாரும் தப்பாப் படிக்க மாட்டாங்க சார்.”

அவன் மொட்டப்பாறையின் எண்களை எடுத்து வைத்தான். தரையில் செய்ததையே மேஜைமேல் செய்து காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் ஒட்டியிருந்த தாளை நெடுநேரம் பார்த்தார்.

“பத்து மாசமா இதைப் பார்த்துக்கிட்டே காபி குடிச்சிருக்கேன்,” என்றார். “அழகா இருக்குன்னு சொன்னேன். ஒரு நாளாவது படிச்சேனா?”

“நானே படிக்கலே சார்.”

“பட்டியல் தப்புன்னு எழுதணும். யார் தப்புன்னு எழுதறது?”

“நான் எழுதின வரி சார். என் பேரையே போடுங்க.”

“கையெழுத்து என்னுதுப்பா,” என்று பேனாவைத் திறந்தார்.

புதுப் பட்டியலில் மொட்டப்பாறைக்கொட்டாய் இரண்டாவது ஊர். செவ்வாய் ராத்திரி ரயிலில் ஆள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முனாப் சுவரில் இருந்த தாளைத் தானே பிய்த்தான். பசை கெட்டியாக இருந்ததால் நடுவிலே ஒரு துண்டு மட்டும் சுவரோடு நின்றுவிட்டது. சாய்கோடு இருந்த துண்டு. அதை அப்படியே விட்டுவைத்தான்.

அடுத்த வாரம் நிலையத்து விலாசத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. டீச்சர் கையெழுத்து, குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதினதுபோல.

‘வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
நூற்று எழுபது அடியில் தண்ணீர்.
குள்ளம்மா இனிமேல் நடக்கமாட்டாளாம்.
புதன்கிழமை நான் இறங்கி ஏறினேன்.’

அட்டைக்கட்டோடு வந்த சகாயமேரி வாசலிலேயே நின்றாள். கட்டை மேஜைமேல் வைத்தாள். போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவன் அதே இடத்தில் அதே கார்டோடு உட்கார்ந்திருந்தான்.

“என்ன சார், இவ்வளவு நேரமாப் படிக்கறீங்க? நாலு வரிதானே இருக்குது?”

“நாலு வரிதான் மேரி,” என்றான் முனாப். மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.